‘நாட்டை அறிவோம்’ வகைப் புத்தகங்கள் சுவிட்சர்லாந்தை எவ்வளவு சொல்கின்றன?

பயணப்பை

வேலை மாற்றல்ல குடும்பத்தோட சுவிஸ் கிளம்புறோம். ஆபீஸ் சூரிச்ல. அங்கே வாடகை கட்டுப்படியாகாதுன்னு பக்கத்து ஆர்காவ் கன்டோன்ல (கன்டோன்னா நம்ம மாநிலம் மாதிரி) ஒரு சின்ன ஊர்ல வீடு பார்த்திருக்கோம். போறதுக்கு முன்னாடி படிக்கலாம்னு நாட்டு அறிமுகப் புத்தகங்கள் கொஞ்சம் வாங்கினேன். சுற்றுலா கைடு இல்ல. வரலாறு, அரசாங்கம், பொருளாதாரம், மக்கள், பண்பாடுன்னு பிரிச்சு 200 பக்கத்துல ஒரு நாட்டை முடிச்சிடுற வகை.

எல்லாத்துலயும் ஒரே பாட்டு. 1291ல மூணு பள்ளத்தாக்குக்காரங்க கூடிச் சத்தியம் பண்ணாங்க. 26 கன்டோன், நாலு தேசிய மொழி, நடுநிலை, எதுக்கெடுத்தாலும் வாக்கெடுப்பு, ரயில் லேட்டாகாது. ‘மக்களும் அடையாளமும்’னு ஒரு அத்தியாயம், வங்கிக்கும் சீஸுக்கும் நடுவுல பத்தே பக்கம். படிச்சு முடிச்சதும் அரசாங்கம் எப்படி ஓடுதுன்னு நல்லாவே புரிஞ்சுது. ஆனா பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர், எதுக்கு முகம் சுளிப்பார், அந்த ஊர்க்காரங்க தங்களுக்குள்ள எதுக்காகச் சண்டை போட்டுக்குவாங்க, இதெல்லாம் ஒண்ணுமே பிடிபடல. அங்கே இருக்கிறவங்க சொல்லுங்க, இந்தப் புத்தகங்களை எவ்வளவு நம்பலாம்?

கறார்_கந்தசாமி

சண்டை இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்க அபார்ட்மென்ட் சலவை அறைக்குப் போய்ப் பாருங்க. சுவர்ல ஒரு அட்டவணை தொங்கும். உங்க முறை எது, எத்தனை மணிக்குள்ள முடிக்கணும், மெஷின் வடிகட்டியில நூல் துணுக்கு இல்லாம எப்படித் துடைச்சு வைக்கணும்னு எழுதியிருக்கும். அதுக்குப் பக்கத்துல ‘அன்புள்ள குடியிருப்பாளர்களே’ன்னு ஆரம்பிக்கிற துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தா, போர் ஏற்கெனவே தொடங்கிடுச்சு. எந்தப் புத்தகத்துலயும் இது இல்லை.

பேர்ண்வாசி

வணக்கம் தம்பி. நான் எண்பதுகளிலை வந்தனான், பேர்ண் கன்டோனிலை இருக்கிறன். உங்கட புத்தகங்கள் சொல்லுறது பொய் இல்லை. ஆனா எல்லாம் பாராளுமன்றக் கட்டடத்து மாடியிலை நிண்டு கீழை பாத்து எழுதினது. இஞ்ச எல்லாம் கீழை இருந்து மேலை போறது. முதல் ஊர், பிறகு கன்டோன், அதுக்குப் பிறகுதான் நாடு. வரியும் அதே மூண்டு தட்டிலைதான். ரண்டு கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊருக்கு வீடு மாறினால் வரி மாறிப்போகும்.

குடியுரிமை எடுக்கிற விசயத்தைப் பாருங்கோ. புத்தகத்திலை ‘பத்து வருடம் வசித்தவர் விண்ணப்பிக்கலாம்’ எண்டு ஒரு வரி. உண்மையிலை ஊர், கன்டோன், மத்திய அரசு மூண்டும் ஓம் எண்டு சொல்லவேணும். எங்களைக் கூப்பிட்டு இருத்திக் கேள்வி கேக்கிறது ஊர்க்காரர்தான். லுட்சேர்ன் பக்கத்திலை எம்மன் எண்டொரு ஊர். 2000ஆம் ஆண்டு அங்க விண்ணப்பிச்ச ஆக்களுக்கு ஊர்ச்சனம் வாக்குப் பெட்டியிலை ஓமோ இல்லையோ போட்டது. இத்தாலிக்காரர் தேறிச்சினம். பழைய யூகோஸ்லாவியாப் பக்கத்து ஆக்களுக்கு இல்லை எண்டு வந்தது. 2003இலைதான் கூட்டாட்சி நீதிமன்றம் இப்பிடிப் பெட்டியிலை வாக்குப் போட்டு மறுக்கேலாது எண்டு தீர்ப்புச் சொன்னது.

இன்னொண்டு, ஷ்விட்ஸ் கன்டோனிலை ஆர்த் எண்ட ஊர். ஒரு இத்தாலிக்காரர், முப்பது வருசமா சுவிசிலை இருக்கிற மனிசன். நேர்முகத்திலை கேட்ட கேள்வியளிலை ஒண்டு, உள்ளூர் மிருகக்காட்சிச்சாலையிலை கரடியும் ஓநாயும் ஒரே அடைப்புக்குள்ளை இருக்கிறது தெரியுமோ எண்டு. மனிசனுக்குத் தெரியேல்லை. மறுத்துப்போட்டினம். வழக்கு மேல்வரைக்கும் போய், 2020இலை கூட்டாட்சி நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமை குடுக்கச் சொன்னது. நீங்கள் தேடுற அடையாளம் இந்தக் கரடிக் கேள்விக்குள்ளைதான் கிடக்கு. நாட்டின்ரை பழங்கதை வீரன் வில்லியம் டெல்லைத் தெரிஞ்சால் காணாது, இந்த ஊர்க் கரடியைத் தெரியவேணும்.

நூலகப்பூச்சி

இந்த வகை நூல்களுக்காக ஒருவராவது வாதாட வேண்டும் அல்லவா? கல்லூரி நூலகத்தில் இவற்றை வாங்கி அடுக்கிப் பல தலைமுறை மாணவர்களுக்குக் கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். முதலில் இவை யாருக்காக எழுதப்பட்டன என்று பாருங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், ராணுவத் துறையின் செலவில், நாட்டு ஆய்வு நூல்களைப் பெரிய வரிசையாகத் தயாரித்தது. வரலாறு, சமூகம், பொருளாதாரம், அரசு, தேசப் பாதுகாப்பு என்று ஐந்து அத்தியாயங்கள். எந்த நாடானாலும் அதே ஐந்துதான். மாவு எதுவானாலும் முறுக்கு அச்சு ஒன்று. புதிய நாட்டுக்கு அனுப்பப்படும் அதிகாரி இரண்டு வாரத்தில் படித்து முடிக்க அது போதும். பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பது அவருக்கு வேண்டாத செய்தி. பொதுவாசகருக்கு வருகிற அறிமுக நூல்களும் ஏறக்குறைய இதே பிரிவுகளைத்தான் வைத்துக்கொள்கின்றன. அதில் ஒரு லாபமும் உண்டு: சுவிஸ் நூலையும் பெல்ஜியம் நூலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

இரண்டாவது, எல்லா நூலும் ஒரே தரமில்லை. சுவிஸ் நூல் என்றால் நான் முதலில் பார்ப்பது 1847க்கு எத்தனை பக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்பதைத்தான். அந்த நவம்பரில் கத்தோலிக்கக் கன்டோன்களின் தனிக்கூட்டணிக்கும் மற்றவர்களுக்கும் உள்நாட்டுப் போர் நடந்தது. ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. இறந்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர். வென்ற தரப்பின் தளபதி தூஃபூர், காயம்பட்ட எதிரிகளையும் காக்க வேண்டும் என்று உத்தரவிட்டவர். பின்னாளில் செஞ்சிலுவை இயக்கத்தைத் தொடங்கிய ஐவரில் அவரும் ஒருவர். தோற்றவர்களை நசுக்காமல் அடுத்த ஆண்டே அரசியலமைப்பு எழுதினார்கள். இன்றைய சுவிட்சர்லாந்து பிறந்தது அந்த 1848இல். 1291 பத்திரத்தைப் பிறப்புச் சான்றிதழாக ஆக்கியது 1891 விழாதான், அறுநூறு ஆண்டு நிறைவு என்று. ஆகஸ்ட் 1 நாடு முழுக்க விடுமுறை நாளானது 1994 முதல். இதைச் சொல்லும் அறிமுக நூல் இருக்கிறது. சொல்லாத நூலைத் திருப்பிக் கொடுத்து விடுங்கள்.

ரோன்நதி

புதுச்சேரியிலிருந்து பாரிஸ், பாரிஸிலிருந்து ஜெனீவா என்று வந்தவன் நான். இந்த இழையில் இதுவரை பேசியதும் ஜெர்மன் பக்கத்து சுவிஸ் மட்டும்தான். புத்தகங்களிலும் அதே கதை. ‘சுவிஸ் மக்கள்’ என்று ஆரம்பித்து வர்ணிப்பதெல்லாம் சூரிச்காரரை. நாங்கள் ஓர் ஓரப் பத்தி.

ஜெனீவா கூட்டமைப்பில் சேர்ந்ததே 1815இல். 1291 சத்தியத்தில் எங்கள் ஊருக்குப் பங்கில்லை. இந்த ஊரின் சொந்தத் திருநாள் டிசம்பர் நடுவில் வரும் எஸ்கலாட். 1602 டிசம்பர் 11 இரவு பக்கத்துச் சவாய் ஆட்சியின் படைகள் ஏணி வைத்து மதிலேற முயன்றன. ஊர் விழித்துக்கொண்டு விரட்டியது. ஒரு வீட்டுப் பெண்மணி கொதிக்கும் சூப்பை அண்டாவோடு படைவீரர்கள் தலையில் கவிழ்த்தாராம். அதனால் இன்றும் சாக்லேட்டில் அண்டா செய்து, உள்ளே மார்சிபானில் (சர்க்கரை சேர்த்த பாதாம் மாவு) செய்த குட்டிக் குட்டிக் கேரட்டும் வெங்காயமும் நிரப்பி விற்கிறார்கள். கூடியிருப்பவர்களில் மூத்தவரும் இளையவரும் சேர்ந்து கையால் அடித்து உடைக்க வேண்டும். உடைக்கும்போது சொல்வது: ‘குடியரசின் எதிரிகள் இப்படியே அழிந்தார்கள்!’ எந்தக் குடியரசு? சுவிஸ் இல்லை, ஜெனீவா. இன்றும் கன்டோனின் அதிகாரப்பூர்வப் பெயர் ‘ஜெனீவா குடியரசும் கன்டோனும்’ என்றுதான். சாக்லேட் அத்தியாயத்தில் தொழிற்சாலைகளைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதுபவர்கள் இந்த அண்டாவை ஒரு வரியில் எழுதியிருந்தால் அடையாள அத்தியாயமே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

இரண்டு பக்கமும் எங்கே பிரிகின்றன என்று பார்க்க 1992 டிசம்பர் 6 வாக்கெடுப்பை எடுங்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேர்வதா என்ற கேள்வி. வேண்டாம் 50.3 சதவீதம். பிரெஞ்சு பேசும் கன்டோன்கள் எல்லாம் வேண்டும் என்றன. ஜெர்மன் பக்கத்தில் பாசல் நகரம், பாசல் நாட்டுப்புறம் என்ற இரண்டு பாசல் கன்டோன்கள் மட்டும் வேண்டும் என்றன. மறுநாள் எங்கள் பக்கத்தில் துக்க வீடு போல இருந்ததாக இங்குள்ள பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அதே ஆண்டுதான் செவில் உலகக் கண்காட்சியில் சுவிஸ் அரங்கிலேயே ‘சுவிட்சர்லாந்து இல்லை’ என்று ஓர் ஓவியப் பலகை மாட்டி, நாட்டில் பெரிய கூச்சல் கிளம்பியது.

கறார்_கந்தசாமி

தன் சொந்தச் செலவுல அரங்கம் போட்டு ‘நாங்க இல்லை’ன்னு பலகை மாட்டுற நாட்டை யாரு பார்த்திருக்கா! இதை முதல் பக்கத்துல போட்டா அந்தப் புத்தகத்தை நானே காசு கொடுத்து வாங்குவேன்.

ரெண்டாந்தலைமுறை

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கேயே பிறந்தவள், தமிழ் எழுதுறது கொஞ்சம் முன்னுக்குப் பின் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

பேர்ண்வாசி அங்கிள் ஊர் எண்டு சொன்னதுக்கு என்னட்டை ஒரு கண்ணுக்குத் தெரியிற சாட்சி இருக்கு. சுவிஸ் பாஸ்போட்டிலை பிறந்த இடம் போடமாட்டினம். அந்த இடத்திலை ‘மூல ஊர்’ எண்டு ஒண்டு இருக்கும். நான் பிறந்தது பேர்ண் ஆஸ்பத்திரியிலை. பாஸ்போட்டிலை இருக்கிறது பேர்ண் கன்டோனின்ரை எமன்டால் பகுதியிலை ஒரு மாட்டுப்பண்ணைக் கிராமம், அப்பா குடியுரிமை எடுத்த ஊர். நாங்கள் அங்க இருந்து வெளிக்கிட்டுக் கனகாலம். என்ரை குடும்பப் பெயரை வைச்சால் நாளைக்கு என்ரை பிள்ளைக்கும் அந்த ஊர்தான் வரும். யாழ்ப்பாணத்திலை வேர் இருக்கிற குடும்பத்துக்குப் பரம்பரை பரம்பரையா எமன்டால். சுவிஸ்காரர் கனபேரும் தங்கட மூல ஊருக்கு ஒருநாளும் போயிருக்கமாட்டினம், ஆனா கேட்டால் உடனே சொல்லுவினம்.

அடுத்தது, புத்தகங்களிலை வெளிநாட்டவர் எண்டு வாற பந்தி. ‘மக்கள்தொகையில் கால்வாசிக்கு மேல்’ எண்டு ஒரு கணக்கு, பக்கத்திலை பேர்ண் சமயங்களின் இல்லத்துச் சிவன் கோவில் படம். கோவில் படம் நல்லாத்தான் இருக்கு. 2014இலை திறந்த கட்டடம், ஒரே கூரைக்குக் கீழை இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ, பௌத்த, அலெவி (துருக்கிப் பக்கத்து ஒரு சமயப் பிரிவு) ஆக்களுக்குத் தனித்தனி இடம். எங்கட பக்கத்திலை பூசை தமிழிலை நடக்கும். ஆனா அப்பாவின்ரை தலைமுறை உணவகக் குசினியளிலை பாத்திரம் கழுவினதையோ, அப்ப பேப்பர்காரர் தோல் ஜாக்கெட் போட்ட தமிழ் இளைஞர் எண்டாலே போதைமருந்து எண்டு சந்தேகப்பட்டதையோ ஒருத்தரும் எழுதேல்லை. இப்ப ‘முன்மாதிரி அகதிகள்’ எண்டு பாராட்டினம். நடுவிலை என்ன நடந்தது?

எங்களுக்கு முன்னம் இத்தாலிக்காரர். பருவகாலத் தொழிலாளர் அனுமதியிலை வந்தவை குடும்பத்தைக் கொண்டுவரேலாது. கொண்டுவந்த பிள்ளையளை வீட்டுக்குள்ளை ஒளிச்சு வைச்சினம், பகலிலை சத்தம் போடக்கூடாது, ஜன்னலுக்குக் கிட்டப் போகக்கூடாது. அலுமாரிப் பிள்ளையள் எண்டு இஞ்ச சொல்லுறது அவையைத்தான். அந்த அனுமதி முறை 2002இலைதான் முற்றாப் போனது. 1970இலை வெளிநாட்டவர் தொகையைக் கட்டாயமாக் குறைக்கச்சொல்லி ஷ்வார்ட்சன்பாக் எண்ட அரசியல்வாதி வாக்கெடுப்புக் கொண்டுவந்தவர். 54 வீதம் ஆம்பிளையள் வேண்டாம் எண்டபடியால் தப்பிச்சினம்.

கறார்_கந்தசாமி

ஒரு நிமிஷம். 54 சதவீதம் ஆம்பளைங்களா? பொம்பளைங்க?

ரெண்டாந்தலைமுறை

பொம்பிளையளுக்கு அப்ப வாக்கே இல்லை, அங்கிள்.

நூலகப்பூச்சி

அந்தப் பெண் சொல்வது சரி. 1959இல் பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று ஆண்களிடம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் மறுத்தார்கள். 1971 பிப்ரவரி 7இல்தான் கிடைத்தது. அதுவும் மத்திய அளவில். அப்பென்செல் இன்னர்ரோடன் கன்டோனில் திறந்தவெளி மக்கள் சபையில் ஆண்கள் கை தூக்கி 1990 ஏப்ரலிலும் மறுத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்டு முடித்து வைத்தது.

இங்கே என் கட்சிக்காரர்களைக் குற்றம் சொல்லத்தான் வேண்டும். எல்லா நூலும் 1971ஐக் குறிப்பிடுகின்றன, மறைப்பதில்லை. ஆனால் ‘பெண்கள்’ என்ற பெட்டிச் செய்தியில் போடுகிறார்கள். ‘நேரடி ஜனநாயகம்’ என்ற அத்தியாயம் நாற்பது பக்கம் தள்ளி இருக்கிறது. ஏன் இவ்வளவு தாமதம் என்றால் காரணமே அந்த அத்தியாயம்தான். மற்ற நாடுகளில் நாடாளுமன்றம் சட்டம் போட்டு முடித்ததை இங்கே ஏற்கெனவே வாக்கு வைத்திருந்தவர்கள் பங்கு போட்டுக் கொடுக்க ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் வாசகருக்குச் சமூகம் புரியும். ஐந்து அத்தியாய அச்சு அதை எழுத விடுவதில்லை.

ஏழை வீட்டுப் பிள்ளைகளையும் அனாதைகளையும் அதிகாரிகளே பிடித்துப் பண்ணைகளில் கூலி இல்லாத வேலைக்கு விட்ட கதைக்கும் இதே கதிதான். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டியும் நடந்தது. 2013இல் அரசு மன்னிப்புக் கேட்டது. பிறகு சட்டம் போட்டு ஒவ்வொருவருக்கும் 25,000 பிராங்க் கொடுத்தார்கள். ‘ஒழுங்கான நாடு’ என்று பாராட்டும் அத்தியாயத்தில் இது வர வேண்டும். அந்த ஒழுங்குக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது அதில்தான் இருக்கிறது.

பேர்ண்வாசி

ஐயா சொன்னது நல்லா விளங்குது. பயணப்பைத் தம்பிக்கு ஒரு வேலை சொல்லுறன். வருசத்திலை நாலு தரம் வரைக்கும் இஞ்ச வாக்கெடுப்பு வரும். ஒவ்வொரு தரமும் வாக்காளர் வீட்டுக்கு அரசாங்கம் ஒரு சின்னச் சிவப்புப் புத்தகம் அனுப்பும். கேள்வி என்ன, அரசாங்கம் ஏன் ஓம் அல்லது வேண்டாம் எண்டுது, கணக்கு என்ன எல்லாம் இருக்கும். முக்கியமானது, வாக்கெடுப்புக் கேட்ட குழு தன்ரை வாதத்தைத் தன்ரை சொல்லிலை எழுதுறதுக்கும் பக்கம் ஒதுக்கியிருக்கும். அரசாங்கத்தின்ரை செலவிலை அரசாங்கத்தைத் திட்டலாம். நாலு மொழியிலையும் இணையத்திலை சும்மா கிடக்கு, குடியுரிமை தேவையில்லை.

பழசுகளையும் தேடிப் படியுங்கோ. 2009இலை மினாரெட், அதாவது பள்ளிவாசல் கோபுரம், கட்டுறதுக்குத் தடை கேட்ட வாக்கெடுப்பு. நாடு முழுக்க அப்ப இருந்தது நாலே நாலு மினாரெட். அரசாங்கம் வேண்டாம் எண்டது. சனம் 57.5 வீதம் ஓம் எண்டது. நாங்கள் கோவில் கோபுரம் கட்டுற யோசனையோட இருந்த காலம், அண்டைக்கு இரவு முழுக்க வீட்டிலை டீவியை நிப்பாட்டேல்லை. ஏன் அப்பிடி வந்தது எண்டு அறிமுகப் புத்தகத்திலை ஒரு வரிதான் இருக்கும். சிவப்புப் புத்தகத்திலை ரண்டு பக்கத்து ஆக்களின்ரை பயமும் அவையின்ரை சொந்தச் சொல்லிலை இருக்கு.

ரோன்நதி

பாதி ஒத்துக்கொள்கிறேன். வாக்குக்கு வந்தது எல்லாம் அதில் இருக்கும். வாக்குக்கே வராததை எங்கே தேடுவது? 1989இல் போலீசார் ரகசியமாகச் சேர்த்து வைத்திருந்த சுமார் 9 லட்சம் கோப்புகள் வெளியே வந்தன. எங்கே வேலை, எந்தக் கூட்டத்துக்குப் போனார், யாரோடு போனில் பேசினார் என்று ஊர்க்காரர்களைப் பற்றியே குறித்து வைத்திருந்தார்கள். எந்தச் சிவப்புப் புத்தகமும் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. அதையெல்லாம் எழுத்தாளர்கள்தான் எழுதினார்கள். அடுத்த ஆண்டே சுவிஸ் நாடகாசிரியர் டூரன்மாட் சுவிஸை ஒரு சிறைச்சாலை என்றார், கைதிகளே காவலர்களாகவும் இருக்கும் சிறை. ஒரு நாட்டைப் பற்றி அந்நாட்டார் தங்களுக்குள் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்காத அறிமுக நூல் எத்தனை பக்கம் போனாலும் விருந்தாளிக்குச் சொல்லும் பதில்தான்.

நூலகப்பூச்சி

ஒட்டுக்கேட்க முதலில் கதவு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும் ஐயா. டூரன்மாட் யாரைத் திட்டுகிறார் என்பது 200 பக்க நூல் படித்தவனுக்குத்தான் புரியும். இதில் நான் விட்டுக் கொடுப்பதாக இல்லை.

பயணப்பை

இவ்வளவு வரும்னு நினைக்கல, எல்லாருக்கும் நன்றி. நூலகப்பூச்சி ஐயா சொன்னபடி 1847 இருக்கான்னு பார்த்தேன். ஒண்ணுல அரைப் பக்கம், இன்னொண்ணுல ‘ஒரு சிறு மோதல்’னு அரை வரி. ரெண்டாவதைத் திருப்பிக் கொடுத்துட்டேன்.

ஒரு நடைமுறைக் கேள்வி. ஜெர்மன் கிளாஸ் போறேன். புத்தகங்கள்ல ‘உள்ளூர் பேச்சுவழக்கும் உண்டு’ன்னு ஒரு பெட்டியில போட்டிருக்கு. சின்னவ கிண்டர்கார்டன் சேரப்போறா. நான் படிக்கிற ஜெர்மன் போதுமா?

ரெண்டாந்தலைமுறை

அண்ணா, பேச்சுவழக்கு ‘உம்’ இல்லை, அதுதான் எல்லாம். டாக்டர், வங்கி மேலாளர், வானொலி, மந்திரி பேட்டி எல்லாம் அதிலைதான். நீங்கள் படிக்கிற ஜெர்மன் எழுதுறதுக்கும் வகுப்புக்கும் செய்திக்கும். எங்கட ஆக்களுக்கு இது புதுசில்லைத்தானே, மேடையிலை ஒரு தமிழ், வீட்டிலை ஒரு தமிழ். ஜெர்மனியிலை இருந்து வாறவைதான் திண்டாடுறவை. சூரிச்சிலை 2011இலையும் உங்கட ஆர்காவிலை 2014இலையும் கிண்டர்கார்டனிலை பேச்சுமொழிதான் வேணும் எண்டு வாக்கெடுப்பு வைச்சே வெண்டவை. உங்கட மகள் அதைத்தான் முதல் பிடிப்பா. கொஞ்ச நாளிலை உங்களைத் திருத்துவா. நீங்கள் பதில் நல்ல ஜெர்மனிலை சொன்னால் ஒருத்தரும் குறை நினையாயினம், விளங்கினால் காணும்.

தெருவிலை போகேக்கை வணக்கம் சொல்லுங்கோ. சூரிச் நகரத்துக்குள்ளை தேவையில்லை. சின்ன ஊரிலை சொல்லாட்டித்தான் கதை வரும்.

கறார்_கந்தசாமி

ஞாயித்துக்கிழமை கண்ணாடி போத்தலைப் பொதுத் தொட்டியில போடப் போகாதீங்க. சத்தத்துக்காகத் தடை. தொட்டி மேலேயே நேரம் எழுதியிருக்கும்.

பேர்ண்வாசி

தம்பி, போய் இறங்கினதும் ஊர் அலுவலகத்திலை பதியவேணும், ரண்டு கிழமைக்குள்ளை. பிறகு கனக்க ஊரிலை புதுசா வந்தவைக்கெண்டு ஒரு மாலை வரவேற்பு வைப்பினம், கடிதம் வரும். ஊர்த்தலைவர் கதைப்பார், தீயணைப்புப் படைக்காரர், பாடகர் குழு, உதைபந்தாட்டக் கழகம் எல்லாம் மேசை போட்டு நிப்பினம். எங்கட சனம் வெக்கத்திலை போறேல்லை. நீங்கள் மனிசியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ. தீயணைப்புப் படை மேசையிலை நிண்டு கொஞ்சம் கதையுங்கோ, கனக்க ஊரிலை அதிலை சேராட்டி அதுக்கெண்டு தனி வரி கட்டவேணும். உங்கட ஊரிலை எப்பிடியெண்டு அவையே சொல்லுவினம்.